காலனி நாடகம், முழு செட்டு

இல்ல தம்பி, கோவிச்சுக்காதீங்க, எல்லா டிஸ்க்கையும் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். மேலாப்புல ஒண்ணு பாத்தா போதும்னு சொல்லாதீங்க. போன மாசம் வெஸ்ட்கேட்ல ஒருத்தரு, அரை செட்டுதான் இருக்கு அக்கா, ஆனா எல்லாம் புதுசு மாதிரி இருக்குன்னு கையில குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து போட்டா, ஒரு டிஸ்க்கு பாதியில நின்னு படம் கட்டம் கட்டமா சிதறி, சத்தம் மட்டும் கர்ருங்குது. அன்னிக்கு எங்க வீட்டுல நடந்த கூத்துல எதிர்த்த வீட்டு வெள்ளக்காரம்மா போலீசுக்கே போன் போட்டுட்டா. அந்த ஸ்டூல இங்கிட்டுத் தள்ளுங்க, உக்காந்துக்கறேன். உங்க வீட்டம்மா கராஜைக் காலி பண்ணச் சொல்லித்தான உங்களை இந்தப் பாடு படுத்துறாங்க? நான் காலி பண்ணிக் குடுத்துட்டே போறேன்.

ஆக்லாந்துக்கு வந்த புதுசுல உங்க கடைக்கு நான் வந்திருக்கேன் தெரியுமா? இதே மவுண்ட் வெல்லிங்டன்ல, அந்தப் பெரிய ஷாப்பிங் சென்டருக்குப் பின்னாடி. முன்னால கருவாடு, பின்னால சிடி. சிடி ஒறையத் திறந்தா நெத்திலி வாசம் அடிக்கும். எங்க வீட்டுக்காரரு வாரம் தவறாம வருவாரு. மாரிசாமின்னு பேரு. குட்டையா, மீசை வெச்சுக்கிட்டு, எடுக்க வந்தது ஒண்ணுன்னா ஒம்பது கதை பேசிட்டு நிப்பாரு. ஆமா, அவரேதான்! ஞாபகம் வெச்சிருக்கீங்களே. ஓம் ஓம்னு நீங்க தலையாட்டுறதைத்தான் அவரு வீட்டுல வந்து நடிச்சுக் காட்டுவாரு, தப்பா எடுத்துக்காதீங்க. இல்ல தம்பி. அவரு போய் நாலு வருஷம் ஆச்சு. ஹார்ட்டு. மோட்டர்வேல வேலைக்குப் போயிட்டு இருந்தவரு, வண்டிய ஓரங்கட்டி நிறுத்தி, அந்த ஆரஞ்சு லைட்டையும் போட்டுட்டு அப்படியே போயிட்டாரு. அடுத்தவனுக்குத் தொந்தரவு குடுக்காத மனுஷன்.

சரி, இதைப் போடுங்க. இந்த ப்ளேயரோட தட்டு வெளிய வர்றப்ப லேசா முக்குதே, எப்பவுமே இப்படித்தானா? ம். இருக்கட்டும், இதையும் எடுத்துக்கறேன். வீட்டுல மூணு ப்ளேயர் இருக்கு, இது நாலாவது. எதுக்கா? இருக்கட்டும் தம்பி, இனிமே எந்தக் கடையில இதை விப்பான்?

எம்மகனுக்குத்தான். கதிருன்னு பேரு. முப்பத்தொரு வயசு. ஆட்டிசம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவரு கூட்டிட்டு வந்திருப்பாரே. உங்க அரிசி மூட்டையெல்லாம் வரிசையா அடுக்கி வெச்சுட்டுப் போவான்ல, அவன்தான். அஞ்சு வயசு வரைக்கும் அவனுக்கு ஒரு வார்த்தை கெடயாது. கோவில்பட்டியில பாக்காத டாக்டரு இல்ல, வேண்டாத சாமி இல்ல. ஒரு நாள் சாயங்காலம் டிவியில இந்த நாடகம் ஓடுது. ஒரு காலனி, நாலு குடித்தனம், தண்ணிக்குச் சண்ட, கொடியில துணி போடச் சண்ட. நான் பாட்டுக்கு கீரை ஆஞ்சுட்டு இருக்கேன். பின்னாடியிருந்து, எவன்டா அது மோட்டாரைப் போட்டதுன்னு ஒரு சத்தம். அதுல வர்ற வீட்டுக்காரத் தாத்தா மாதிரியே, அதே இருமலோட. திரும்பிப் பாத்தா எம்புள்ள. அம்மான்னு சொல்லல, அப்பான்னு சொல்லல, மோட்டாருங்கறான். நான் கீரையெல்லாம் கொட்டிட்டு அவனக் கட்டிக்கிட்டு அழுதேன் தம்பி.

அதுலருந்து அவன் பேச்சு பூரா அந்த நாடகம்தான். நம்மள மாதிரி சொந்தமாச் சேத்துப் பேச அவனுக்கு வராது. அதுல இருக்குற வசனத்தை எடுத்து எடுத்து வெப்பான். பசிச்சா, இன்னிக்கும் ரசம்தானாம்பான். தலை வலிச்சா, இந்தக் காலனியில மனுஷன் குடியிருப்பானாம்பான். எம்மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னா, ஏண்டி இந்தக் காப்பியில அப்படி என்னதான் போடுறன்னு கேப்பான். நான் காப்பி போட்டிருக்கவே மாட்டேன். எந்த வசனத்தை எங்க வெக்கணும்னு அவனுக்கு அத்துபடி. ஒரு நாளும் மாத்தி வெச்சதில்ல. காலையில எந்திரிச்சதும் ஒரு எபிசோடு பாக்கணும், அவ்வளவுதான். அதைப் பாத்தாத்தான் அன்னிக்கு வாய் திறக்கும். ஒரு வாரம் பாக்கலைன்னா வார்த்த ஒண்ணொண்ணாக் கழண்டுரும். அப்புறம் பசின்னாலும் கத்தல், வலின்னாலும் கத்தல்.

அதைத்தான கேக்கறீங்க, டிஸ்க்கு வெச்சிருந்தோமேன்னு. வெச்சிருந்தோம், உங்க கடையில வாங்கினதுதான். எங்க வீட்டுக்காரரு, எல்லாம் இப்ப டிவிக்குள்ளயே வருது சாந்தி, இதெல்லாம் எடத்தை அடைச்சுட்டு கெடக்குன்னு, கவுன்சில் வண்டி பழைய சாமான் எடுக்க வர்ற அன்னிக்கு ரோட்டோரமா வெச்சுட்டாரு. சப்ஸ்க்ரிப்ஷன் எடுத்தாரு. இங்கத்து கணக்குல எடுத்தா நம்ம நாடகம் பாதி வராதுன்னு, இந்தியா கார்டு, இந்தியா நம்பர் போட்டு எடுத்தாரு. நம்ம ஆளுங்க யாரு அப்படி எடுக்கல? நீங்களும் சென்னையில ஒரு மச்சானப் புடிச்சு வெச்சிருப்பீங்கல்ல. பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

அது அவரோட கோவில்பட்டி சிம்மு. அவரு போனப்புறம் அதுக்கு ரீசார்ஜ் பண்ணணும்னு எனக்கு எங்க தோணும்? சாவு வீட்டுல யாராவது சிம்மை நினைப்பாங்களா? ஒரு நாள் காலையில டிவி, லாகின் பண்ணுங்கன்னு நிக்குது. ஓடிபி அனுப்பிட்டேங்குது. எங்க அனுப்பின? செத்தவரு நம்பருக்கு அனுப்பிருக்க. இவன் சோபா முன்னாடி நின்னு ஆடிட்டு இருக்கான். என்ன பண்றதுன்னு தெரியாம அந்த நம்பருக்கே போன் போட்டேன். ரிங் போகுது தம்பி. யாரோ எடுத்துட்டாங்க. பாத்தா, கம்பெனிக்காரன் அந்த நம்பரைத் தூக்கி தர்மபுரியில டிபன் கடை வெச்சிருக்குற ஒருத்தருக்குக் குடுத்துட்டான். ஐயா, உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் படிச்சு சொல்லுங்கன்னேன். ஃபிராடுன்னு நெனச்சு மொதல்ல நல்லாத் திட்டினாரு. நான் அழுதுட்டே கதையச் சொன்னேன். கேட்டுட்டு நம்பரச் சொன்னாரு. நல்ல மனுஷன்.

ஆனா அந்த டிவி சும்மா இருக்குமா? பத்து நாளைக்கு ஒரு தடவ கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளும். நமக்குக் காலையில விடிஞ்சா அவங்களுக்கு நடுராத்திரி. பாவம், அந்த மனுஷன் தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு நம்பர் சொல்லுவாரு. ஒரு நாளு அவரு பொண்டாட்டி போனைப் புடுங்கி, யாருடி நீ, ராத்திரியில எம்புருசன்கிட்ட நம்பர் கேக்குறவன்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டா. நான் பதட்டத்துல, இல்லம்மா, இது எம்புருசன் நம்பருன்னுட்டேன். போச்சு! சிரிங்க, நல்லா சிரிங்க. அன்னிக்கு நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவரு போனப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான். அடுத்த வாரம் அந்த ஆளு என்னைய பிளாக் பண்ணிட்டாரு.

இது ஓடுதா? சத்தத்தைக் கொஞ்சம் வைங்க. ம், இது நல்லாருக்கு. அடுத்ததைப் போடுங்க.

அப்புறம் நாங்க இருக்குற தகனினி ஏரியாவுல, பக்கத்து வீட்டுல அஸ்வினின்னு ஒரு பொண்ணு, ஐடியில இருக்கா, அவதான் இங்கத்து கணக்குலயே முறையா எடுத்துக் குடுத்தா. அஞ்சாறு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் பாத்தா நாடகத்தையே காணோம். இந்த நாட்டுல காட்டுற உரிமை முடிஞ்சிருச்சாம். சரின்னு அவளே இன்னொரு எடத்துல தேடிப் புடிச்சா. அதுல வாடகைக்கு ஒரு பட்டன், வாங்க ஒரு பட்டன்னு தனித்தனியா இருக்கு தம்பி. நான் வாங்குற பட்டனத்தான் அமுக்கினேன். அப்பாடா, இனி எவன் வந்து கேப்பான், நம்ம காசு போட்டு வாங்கிட்டோம்னு இருந்தேன். ஒரு வருஷம் போகல, அதுவும் போச்சு. அஸ்வினி விடல, மெயில் மேல மெயில் போட்டா. நீங்க வாங்கினது நாடகத்தை இல்ல, பாக்குற அனுமதியத்தான்னு பதில் வருது. நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க எங்களுக்குக் கருவாடு வித்தீங்க. ஒரு வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள வந்து குழம்புச் சட்டியில கைய விட்டு எடுத்துட்டுப் போனீங்களா? என்ன அநியாயம் இது? வயிறு எரியுது தம்பி எனக்கு, இப்ப சொல்றப்பவும் எரியுது.

அன்னிக்குக் காலையில சுவத்துல போய் முட்ட ஆரம்பிச்சான். இங்க சுவரு என்ன சுவரு, அட்டைதான. அட்டையா இருந்ததால தலை தப்பிச்சுது. ரெண்டு ஓட்டை. நடுவுல போய் நான் நின்னேன், எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு, அது பரவால்ல. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒரு வசனம் இல்ல. ரசமும் இல்ல, மோட்டாரும் இல்ல. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வாயத் திறந்து திறந்து மூடுவான். பெத்தவ அதைப் பாத்துட்டு இருக்கணும். அப்பத்தான் எல்லா சப்ஸ்க்ரிப்ஷனையும் வெட்டி விட்டேன். பாட்டுக்கு ஒண்ணு, படத்துக்கு ரெண்டு, போட்டோ வெக்க ஒண்ணு, எல்லாத்தையும். போட்டோவெல்லாம் கடையில குடுத்து பிரிண்டு போட்டு வாங்கிட்டேன். எதுவா இருந்தாலும் கையில புடிக்க முடியணும். பீரோவுல வெச்சுப் பூட்டினா பீரோவுலதான் இருக்கணும்.

எங்கங்கயோ அலைஞ்சு பழைய டிஸ்க்குல நாலஞ்சு கெடச்சுது. ஆசையா போட்டா, அவன் வெளிய எடுத்து என் கையில குடுத்துட்டான். கோவமில்ல, தப்பான சாமானத் திருப்பிக் குடுக்குற மாதிரி. திரும்பப் போட்டேன், திரும்ப எடுத்துட்டான். மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, டிவியில அந்த நாடக ஆப்பைத் திறக்குறப்ப டொய்ங்ங்னு ஒரு சத்தம் வரும்ல, அது வராம அவனுக்கு நாடகம் ஆரம்பிக்கல. டிஸ்க்குல அது எங்க இருக்கு? அதனால இப்ப நான்தான் போடுறேன், வாயால. டொய்ங்ங். இப்படித்தான் தினமும் பல்லு வெளக்காம டிவி பக்கத்துல நின்னுக்கிட்டு. என் பொழப்பப் பாத்தீங்களா?

பென்டிரைவுல ஏத்திக்கலாம்தான், அஸ்வினியும் அதையேதான் சொன்னா. அதுக்கு மெனுக்குள்ள போகணும், அதைத் தேடணும், இதை அமுக்கணும். டிவிய மாத்தினா மெனுவும் மாறிரும், கதிருக்கு அதெல்லாம் ஆகாது. டிஸ்க்குன்னா தட்டைத் திறந்தோமா வெச்சோமான்னு போயிரும், அங்க இருக்குறவங்க யாரா இருந்தாலும் போட்டுருவாங்க. அங்கன்னா? அதான், பாப்பகுராவுல ஒரு வீடு. இவன மாதிரி அஞ்சு பேரு இருக்காங்க, பாத்துக்குற கேரருங்க மாறி மாறி வருவாங்க. இந்த மாசக் கடைசியில கதிர் அங்க போறான்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க. கோயில்லயும் இப்படித்தான் பாத்தாங்க. அங்க வர்ற ஸ்வர்ணா மூஞ்சிக்கு நேராவே கேட்டா, கல்லு மாதிரி நீ இருக்கும்போதே புள்ளையக் கொண்டு போய் விடுவியான்னு. இங்க வெள்ளக்காரங்க பதினெட்டு வயசுல தனியா அனுப்புறாங்கல்ல, நான் முப்பத்தொண்ணுல அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஊருல யாரும் இல்லையான்னா கேக்கறீங்க? கூடப் பொறந்த தம்பி ஒருத்தன் இருக்கான். கதிரக் கொஞ்ச நாளு வெச்சுக்கிறியாடான்னு கேட்டேன். அக்கா, லைனு சரியில்ல, அப்புறம் கூப்புடுறேன்னான். லைனு நல்லாத்தான் இருந்துச்சு. அவன் வீட்டுல குக்கரு விசில் அடிச்சதுகூட எனக்குக் கேட்டுச்சு.

அந்த வீட்டுல குறை சொல்ல முடியாது. சுத்தமா இருக்கு, தனி ரூமு, தனி டிவி. ஒரு டோங்கா பொண்ணு இருக்கா, தங்கமான பொண்ணு. அவளுக்கு அந்த டொய்ங்ங சொல்லிக் குடுத்தேன். என்னைய விட அழகா சொன்னா. கதிர் அவ வாயையே பாத்தான். அப்புறம் என் வாயைப் பாத்தான். டிஸ்க்க வெளிய எடுத்துட்டான். நாலு தடவ போய்ட்டேன், நாலு தடவையும் அதேதான். பழகிருவான், பழகிருவான்னு சொல்றாங்க. முப்பத்தொரு வருஷமா நான் பாக்குறேன், எனக்குத் தெரியாதா அவன் எதுக்குப் பழகுவான் எதுக்குப் பழகமாட்டான்னு? அவன் ரசம்தானான்னு கேட்டா பசின்னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்தேன். அவங்க காதுல அது வேற என்னமோவா விழுது. தமிழ் தெரிஞ்சாலும் புரியாது தம்பி, உங்களுக்கே புரியாது. இந்த ஆக்லாந்துல அவன் பாஷை தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான்.

இதுதான் கடைசி டிஸ்க்கா? ஓடுது. அப்பாடா. முழு செட்டு. அஞ்சு வருஷம் தேடினாலும் கெடைக்காது இது. ஆனா இதுவும் எத்தன நாளைக்கு? டிஸ்க்கும் வெளுத்துப் போகுமாமே, அஸ்வினி சொல்றா. அதனாலதான் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு சேக்குறேன். அந்த வெஸ்ட்கேட் ஆளுகிட்ட வாங்கினதுல நல்லதா இருக்குறத எல்லாம் தனியா கட்டி வெச்சுட்டேன்.

என்னது, ப்ளேயர் பழுதானா கொண்டு வரணுமா? திருத்தித் தாறன்னா! எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. எத்தன வருஷம் கழிச்சு வந்தாலும்னு வேற சொல்றீங்க. நான் வரமாட்டேனே தம்பி. கணையத்துல வந்திருக்கு எனக்கு. ஈரலுக்கும் போயிருச்சாம். கிறிஸ்துமஸ் பாக்கலாம், பாக்காமயும் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. அட, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க, உக்காருங்க. வலியெல்லாம் இல்ல, மாத்திரை குடுத்திருக்காங்க. ஸ்வர்ணாகிட்ட சொல்லல. கோயில்ல யாருகிட்டயும் சொல்லல. சொன்னா ஊரே வந்து கதிர் முன்னாடி உக்காந்து ஒப்பாரி வெக்கும், அவனால அதைத் தாங்க முடியாது.

அவனுக்கு எப்படிச் சொல்றது? அதுதான் தம்பி, அதுக்குத்தான் வழியே இல்ல. அந்த நாடகத்துல ஒருத்தரும் சாகல. அத்தன எபிசோடுல ஒரு சாவு வீடு கெடயாது. சிரிப்பு நாடகம், எவன் அதுல சாவை வெப்பான்? அவங்கப்பா போனப்ப அவனுக்கு வாய் வரைக்கும் வரும், தேடுவான், எடுத்து வெக்க ஒண்ணும் இருக்காது. நானும் ஒக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டேன். கொஞ்சம் கிட்டத்துல வர்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கு. ரெண்டாவது வீட்டுக்காரன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போயிருவா. அக்கம்பக்கத்துல கேக்குறப்ப, மானம் போகக்கூடாதேன்னு அவன் சொல்லுவான், அவ ஊருக்குப் போயிருக்கா, வெள்ளிக்கிழமை வந்துருவான்னு. அதைத்தான் தினமும் போட்டுப் போட்டுக் காட்டிட்டு இருக்கேன்.

நேத்து கேட்டுப் பாத்தேன். கதிர், அம்மா எங்கடான்னு கேட்டேன். என்னையப் பாத்துக்கிட்டே சொன்னான், அவ ஊருக்குப் போயிருக்கா, வெள்ளிக்கிழமை வந்துருவான்னு. ஒரு எழுத்து மாறல. அந்த முதப் பாதியோட நிறுத்தச் சொல்லி நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். பாதியில டிவிய அணைச்சேன், வாயப் பொத்தினேன், கெஞ்சினேன். நிறுத்த மாட்டேங்கறான் தம்பி, மிச்சத்தையும் சொல்லித்தான் முடிக்கறான். நான் போனப்புறம் வாராவாரம் வெள்ளிக்கிழமை அந்த வீட்டு வாசல்ல வந்து நிப்பான்.